கையில் மிச்சம் வைத்து அடியுங்கள்: ஃபைனல் ஃபேண்டஸி 16 காம்போ முழுமையான வழிகாட்டி

ஸ்டில்விண்ட் சதுப்பில் மோர்போல் என்ற அந்த வாய் பெருத்த செடிப் பூதத்தோடு முதல் தடவை மோதியபோது, இருந்த சக்திகளையெல்லாம் தயாராகத் தயாராக விட்டுக்கொண்டே இருந்தேன். திரை முழுக்க நெருப்பு, சத்தம், பறக்கும் எண்கள். சண்டை நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தேன். ஒரு கட்டத்தில் மோர்போல் தடுமாறிச் சரிந்தது. இனி சில நொடிகள் அதனால் திருப்பி அடிக்க முடியாது, நான் அடிப்பதெல்லாம் வழக்கத்தைவிட வலிக்கும். ஆனால் திரையின் கீழே பார்த்தால் என் சக்திகள் எல்லாம் மங்கிக் கிடந்தன, எல்லாமே கூல்டவுனில், அதாவது மறுபடி தயாராகும்வரை காத்திருக்கும் நேரத்தில். வெறும் வாளால் நாலு தட்டுத் தட்டுவதற்குள் அது எழுந்துவிட்டது.

இந்த விளையாட்டின் காம்போ முறை, அதாவது அடிகளை அறுபடாமல் கோக்கும் முறை, அந்த ஒரு இடத்தில்தான் அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் புரிய இன்னும் இரண்டு மூன்று பாஸ் (பெரிய எதிரி) சண்டைகள் ஆயின. நீளமாக அடிப்பது பெரிய விஷயமில்லை. எதை எப்போது செலவழிப்பது, எதைக் கையில் வைத்திருப்பது என்பதுதான் விஷயம். அதைக் கீழிருந்து ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். பட்டன் பெயர்கள் எல்லாம் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் இருப்பவை. இந்த விளையாட்டு 2023 ஜூன் 22 அன்று பிஎஸ் 5-க்கு வந்தது, 2024 செப்டம்பரில் கணினிக்கும் வந்தது. கணினியில் ஆடுகிறவர்களும் கன்ட்ரோலர் வைத்தே ஆடுங்கள். கீபோர்டில் இந்தத் தாளம் பிடிபடுவது கஷ்டம்.

சண்டை ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இதன் சண்டைப் பகுதியை இயக்கிய ரியோட்டா சுசுகி, அதற்கு முன்பு கேப்காம் நிறுவனத்தில் டெவில் மே க்ரை 5-இல் வேலை பார்த்தவர். அந்த வரிசையின் முதல் விளையாட்டு 2001-இல் வந்தது. எதிரியை வானத்தில் தூக்கி, கீழே விழவிடாமல் அடிக்கிற பழக்கத்தைப் பரப்பியதே அதுதான். அந்த யோசனை பிறந்தது வேறொரு விளையாட்டில் இருந்த ஒரு பிழையில் இருந்து. ஒனிமுஷாவில் எதிரியை விழாமல் அடித்துக்கொண்டே இருக்க முடிவதை டெவில் மே க்ரையை இயக்கிய ஹிடேகி காமியா கவனித்து, அதையே ஒரு கலையாக்கினார். அதற்கும் பத்து வருடம் முன்னால், 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல், ஒரு அடியின் அசைவு முடிவதற்குள் அடுத்த அடியைச் சேர்க்க முடிந்ததும் யாரும் திட்டமிட்டதில்லை. காம்போ என்ற விஷயமே இப்படித் தற்செயலாகக் கிடைத்த இடைவெளியில் வளர்ந்ததுதான். ஃபைனல் ஃபேண்டஸி 16-இலும் உங்கள் கை முதலில் பழக வேண்டியது அந்த இடைவெளிக்குத்தான்.

முதல் படி: நாலு அடி, நடுவே நெருப்பு

ஸ்கொயரைத் தொடர்ந்து தட்டினால் கதாநாயகன் கிளைவ் நாலு முறை வாள் வீசுவான். ட்ரையாங்கிளைத் தட்டினால் தூரத்திலிருந்து மாயக் குண்டு விடுவான். முதல் அரை மணி நேரம் எல்லோரும் இதைத் தனித்தனியாகத்தான் செய்கிறார்கள். கிட்டே இருந்தால் வாள், தூரத்தில் இருந்தால் குண்டு.

இரண்டையும் கோத்தால் கிடைப்பதுதான் மேஜிக் பர்ஸ்ட். வாள் எதிரி மேல் படுகிற அதே நொடியில் ட்ரையாங்கிளை அழுத்தினால், வாள் வீச்சின் வரிசை அறுபடாமல் நடுவில் ஒரு சின்ன வெடிப்பு சேர்ந்துகொள்ளும். அப்புறம் மறுபடி ஸ்கொயர், மறுபடி ட்ரையாங்கிள். நாலு அடி எட்டு அடியாகிவிடும். கொஞ்சம் தாமதித்தால் சாதாரணக் குண்டுதான் வரும், வரிசையும் முதல் அடியிலிருந்து தொடங்கும்.

இதைக் கண்ணால் பிடிக்கப் பார்க்காதீர்கள், காதால் பிடியுங்கள். வாள் சதையில் படும் சத்தம் வந்ததும் ட்ரையாங்கிள். கட்டைவிரலை ஒரு பட்டனிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைத்தால் நேரம் போதாது. விரலின் நுனி ட்ரையாங்கிள் மேலும், அதன் கீழ்ப்பாதி ஸ்கொயர் மேலும் படும்படி சாய்த்து வைத்து, உருட்டுங்கள். கீழ், மேல், கீழ், மேல். மாவு பிசைகிறபோது உள்ளங்கை போய்வருமே, அந்த மாதிரி ஒரு சின்ன அசைவு. கை வலித்தால் வேகமாக அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். வேகம் தேவையே இல்லை. அடிகளுக்கு இடையே உள்ள நேரம் நான்கிலும் ஒன்றுபோல இருக்காது என்பதையும் கவனியுங்கள். படபடவென்று தட்டுகிறவர்களுக்கு இது கைகூடாததற்கு அதுதான் காரணம். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது.

கதையில் கிளைவின் கூட்டத்தார் தங்கும் மறைவிடத்துக்கு வந்த பிறகு அங்கே ஆரெட்டே கல் என்று ஒன்று இருக்கும். அதில் பயிற்சிக் களம் திறக்கும். ஒரே எதிரியை நிறுத்தி, பத்து முறை தவறாமல் எட்டு அடியும் விழும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். சலிப்பாக இருக்கும், தெரியும். ஆனாலும் செய்யுங்கள். இனி சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் நடுநடுவே நிரப்புவது இந்த எட்டு அடிதான். சக்திகள் கூல்டவுனில் இருக்கும் நேரமெல்லாம் உங்கள் சாப்பாடு இதுதான்.

இரண்டாவது படி: யாரைத் தூக்கலாம்

சின்ன எதிரிகளை வானத்தில் தூக்கலாம். பெரியவை அசையாது. இது தெரியாமல் பெரிய பாஸை மேலே தூக்கப் பார்த்து நேரத்தை வீணடிக்கிறவர்கள் நிறையப் பேர்.

சின்ன எதிரியைத் தூக்க, ஃபீனிக்ஸ் என்ற நெருப்பு உருவத்தின் ரைசிங் ஃபிளேம்ஸ், கருடா என்ற காற்று உருவத்தின் விக்கெட் வீல் இரண்டும் உதவும். மேலே போனதும் ஸ்கொயரும் ட்ரையாங்கிளும் அங்கேயும் அதே மாதிரிதான் வேலை செய்யும், மேஜிக் பர்ஸ்ட் உட்பட. கீழே விழ ஆரம்பித்தால் எதிரிக்கு மிக அருகில் எக்ஸ் அழுத்துங்கள். அவன் மேலேயே மிதித்து மறுபடி எழும்பலாம். ஸ்டாம்ப் என்ற இந்தத் திறமையைக் கற்றவுடன்தான் வான்சண்டை நிஜமாகவே தொடங்குகிறது. தூரத்தில் நிற்பவனிடம் போக ஃபீனிக்ஸ் ஷிஃப்ட், அவனை உங்களிடம் இழுக்க கருடாவின் டெட்லி எம்ப்ரேஸ். இரண்டுமே சர்க்கிள் பட்டன்தான், எந்த ஐக்கான் தேர்வாகி இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். ஐக்கான் என்பது இந்தக் கதையுலகில் நெருப்பு, காற்று, மண் என்று ஒவ்வொன்றுக்கும் உரிய மாபெரும் உருவம். கிளைவ் ஒவ்வொன்றின் சக்தியையும் ஒவ்வொன்றாகப் பெறுவான். எல் 2 அழுத்தினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம், ஒரே நேரத்தில் மூன்றுவரை.

கூட்டமாக வந்தால் என் வழக்கம் இது. தூரத்தில் வில்லோடு நிற்பவனிடம் ஷிஃப்ட் செய்து போய் அவனைத் தூக்கி முடிப்பேன். அப்புறம் மீதி ஆட்களை ஒரே இடத்தில் சேர விட்டுவிட்டு விக்கெட் வீல். கூட்டத்துக்கு இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

கூட வரும் நாய்க்கும் வேலை கொடுங்கள். டோர்கல் என்ற அந்த நாயை டி-பேட் (திசைப் பட்டன்கள்) வழியாக ஏவலாம். நீங்கள் அடிக்கும் சமயத்தோடு சரியாகப் பொருந்தினால் அதன் கடியும் பலமாகும்.

மூன்றாவது படி: விலகுவதும் காம்போதான்

ஆர் 1 விலகல். இந்த விளையாட்டில் மூச்சு வாங்கும் ஸ்டாமினா கோடு கிடையாது, எத்தனை முறை வேண்டுமானாலும் விலகலாம். ஆனால் எதிரியின் அடி வந்து விழும் கடைசி நொடியில் விலகினால் நேரம் மெதுவாகும். அப்போது ஸ்கொயர் அழுத்தினால் பலமான எதிரடி, ட்ரையாங்கிள் அழுத்தினால் விரைவான குண்டுகள். உங்கள் வாளும் எதிரியின் ஆயுதமும் ஒரே நேரத்தில் மோதினால் அது பாரி. அப்போதும் நேரம் மெதுவாகும், எதிரி ஒரு கணம் திறந்து நிற்பான்.

புதிதாக ஆடுகிறவர்கள் விலகலை ஓடிப்போகிற வேலையாகப் பார்க்கிறார்கள். பாஸ் கையை ஓங்கியதும் அடியை நிறுத்திவிட்டுத் தூரம் போய், அது முடிந்ததும் திரும்பி வந்து முதல் அடியிலிருந்து தொடங்குவார்கள். கிட்டேயே நில்லுங்கள். அதன் தோளைப் பாருங்கள், கை எப்போது இறங்குகிறது என்று தெரியும். உள்பக்கமாக விலகி, எதிரடி கொடுத்து, அங்கிருந்தே எட்டு அடியைத் தொடருங்கள். பாஸின் ஒவ்வொரு அடியும் உங்களுக்குக் கிடைக்கும் ஒரு வாய்ப்பு ஆகிவிடும்.

மண்ணுக்கு உரிய டைட்டனைப் பெற்ற பிறகு சர்க்கிளால் தடுக்கவும் முடியும். சரியான நேரத்தில் தடுத்தால் அதிலிருந்தே எதிரடி பிறக்கும். விலகுவதில் தடுமாறுகிறவர்களுக்கு இது பெரிய துணை.

நான்காவது படி: மஞ்சள் கோடு

இதுதான் இந்த வழிகாட்டியின் வயிறு.

பாஸின் உயிர்க்கோட்டுக்குக் கீழே மஞ்சளாக ஒரு கோடு இருக்கும். அது அவனுடைய மன உறுதி. நீங்கள் அடிக்க அடிக்க அது குறையும். பாதியானதும் ஒரு கணம் தடுமாறுவான். முழுவதும் தீர்ந்தால் சரிந்துவிடுவான். அதுதான் ஸ்டாகர். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது இங்கே அப்படியே உண்மை. வெறும் வாளும் மேஜிக் பர்ஸ்டும்கூட மெதுவாக இந்தக் கோட்டைத் தின்றுகொண்டே இருக்கும்.

பாதியில் வரும் தடுமாற்றத்தைத் தவறவிடாதீர்கள். அந்த நேரத்தில் கருடாவின் டெட்லி எம்ப்ரேஸைப் போட்டால், பாஸ் எவ்வளவு பெரியவனாக இருந்தாலும் கிளைவ் அவனைப் பிடித்து இழுத்துத் தரையில் சாய்த்துவிடுவான். ஒரு சின்ன ஸ்டாகர் இலவசமாகக் கிடைத்த மாதிரி. அதனாலேயே கதையின் பெரும்பகுதி முழுக்க மூன்று இடங்களில் ஒன்றைக் கருடாவுக்கே ஒதுக்கிவைத்திருந்தேன். கோடு பாதியை நெருங்கும்போது எல் 2-ஆல் கருடாவுக்கு மாறி, விரலை சர்க்கிளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சக்திகள் இரண்டு வகை. சில, மஞ்சள் கோட்டை அதிகம் குறைப்பவை. சில, உயிரை அதிகம் குறைப்பவை. திறமைகளின் பட்டியலில் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தால், எது எதற்கு என்று அங்கேயே மதிப்பீடு போட்டிருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. கருடாவின் ஏரியல் பிளாஸ்ட், ஷிவாவின் டயமண்ட் டஸ்ட் போன்றவை கோட்டைக் குறைப்பதில் கெட்டி. பெயர் ஷிவா என்றாலும் இங்கே அவள் பனிக்கு உரிய பெண் உருவம். முதல் வகையை, பாஸ் நின்றுகொண்டிருக்கும்போது தயாராகத் தயாராகப் போடுங்கள். இரண்டாவது வகையைத் தொடாதீர்கள். மோர்போலிடம் நான் செய்த தப்பு அதுதான், இரண்டையும் ஒரே பையில் போட்டுவைத்தேன்.

இன்னொன்று. கோட்டில் கடைசிச் சின்னத் துண்டு மிச்சம் இருக்கும்போது நின்று, கீழே சக்திகளைப் பாருங்கள். பெரிய சக்தி இன்னும் கூல்டவுனில் இருக்கிறதா? அப்படியென்றால் அடிப்பதை நிறுத்துங்கள். விலகுங்கள், சுற்றி வாருங்கள், சில நொடிகள் போகட்டும். எல்லாம் ஒளிர்ந்த பிறகு அந்தக் கடைசித் துண்டைத் தீருங்கள். பாஸ் எப்போது விழ வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். முதல் தடவை இதை வேண்டுமென்றே செய்தபோது என் கை நடுங்கியது, அவ்வளவு நேரம் அடிக்காமல் இருப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

ஐந்தாவது படி: விழுந்த பிறகு

பாஸ் விழுந்ததும் திரையில் ஒரு பெருக்கல் எண் ஏற ஆரம்பிக்கும். நீங்கள் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 1.5 வரை போகும். சாதாரணமாக 10,000 டேமேஜ் கொடுக்கும் சக்தி, அது 1.5-இல் நிற்கும்போது 15,000 கொடுக்கும். ஆக, விழுந்தவுடன் பெரியதைப் போடுவதும் தப்பு. எண் இன்னும் கீழேதானே இருக்கிறது.

முதலில் நிறையச் சின்ன அடிகள் விழும் ஒன்றைப் போடுங்கள். கருடாவின் கௌஜ் இதற்கு அருமை. நகத்தால் கீறிக்கொண்டே போகும், எண் விறுவிறுவென்று ஏறும். அது நடந்துகொண்டிருக்கும்போதே எல் 2-ஐத் தட்டி டைட்டனுக்கு மாறிவிடுங்கள். ஒரு சக்தியின் அசைவு ஓடும்போதே அடுத்த ஐக்கானுக்குப் போய்விடலாம் என்பது இந்த விளையாட்டின் பெரிய வசதி. கௌஜ் முடிந்ததும் டைட்டனின் விண்டப். அதை அழுத்திப் பிடித்தால் ஒரு அளவுகோல் ஓடும். பிரகாசமான பகுதியில் விட்டால் முழுப் பலம், முன்னாலோ பின்னாலோ விட்டால் பலம் குறையும். அப்புறம் அப்ஹீவல், அதுவும் அதே மாதிரிதான். அது முடியும்போது ஃபீனிக்ஸுக்கு மாறி ஃபிளேம்ஸ் ஆஃப் ரீபர்த். சக்திகளுக்கு நடுவே இடைவெளி கிடைத்தால் எட்டு அடியை நிரப்புங்கள்.

லிமிட் பிரேக் இருந்தால், அதாவது கன்ட்ரோலரின் இரண்டு குச்சிகளையும் சேர்த்து அழுத்தினால் வருமே, அதை எண் 1.5 ஆன பிறகு தொடங்குங்கள். உயிர் போகிற நிலையில் இருந்தால் மட்டும் இந்த விதியை மறந்துவிடுங்கள். லிமிட் பிரேக் இழந்த உயிரையும் மெல்ல மீட்டுத் தரும்.

ஆறாவது படி: எதை எடுத்துப் போவது

மூன்று ஐக்கான், ஒவ்வொன்றிலும் இரண்டு சக்தி, மொத்தம் ஆறு. நான் எப்போதும் இப்படிப் பிரிப்பேன்: கோட்டைக் குறைக்க இரண்டு, எண்ணை ஏற்ற ஒன்று, பெரிய அடிக்கு இரண்டு, ஒன்று கூட்டத்துக்கோ தற்காப்புக்கோ. ஆறும் பெரிய அடியாக இருந்தால் கூல்டவுன் நேரமெல்லாம் வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரு திறமையை முழுமையாகத் தேர்ந்துவிட்டால் அதை வேறு ஐக்கானின் இடத்திலும் வைக்கலாம். கருடாவின் டெட்லி எம்ப்ரேஸ் வேண்டும், ஆனால் அதன் சக்திகள் வேண்டாம் என்றால், கருடாவின் இடத்திலேயே டைட்டனின் சக்தியை வைத்துக்கொள்ளலாம். செலவழித்த புள்ளிகளை எப்போது வேண்டுமானாலும் முழுவதுமாகத் திரும்பப் பெறலாம், எந்தக் கட்டணமும் இல்லை. அதனால் தயங்காமல் மாற்றிப் பாருங்கள்.

மற்ற ஐக்கான்களில் ராமுவின் லைட்னிங் ராட் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மின்னல் உருண்டையை நட்டுவிட்டு, அதன் பக்கத்தில் நின்று எட்டு அடி போட்டால் ஒவ்வொரு அடிக்கும் அதுவும் சேர்ந்து அடிக்கும். முதல் படியை ஒழுங்காகப் பழகியவர்களுக்கு அது பெரிய பரிசு. பஹமுத்தின் கிகாஃப்ளேர் பார்ப்பதற்குப் பிரமாதம், கூல்டவுனும் அதே அளவுக்கு நீளம், ஸ்டாகருக்காகவே வைத்திருங்கள். ஓடின் தனி உலகம். அவனிடம் ஸான்டெட்ஸுகென் என்ற அளவுகோலை ஐந்து நிலைவரை நிரப்பி ஒரே வெட்டாக விடுவதுதான் ஆட்டம். டான்சிங் ஸ்டீல் அதைச் சீக்கிரம் நிரப்பும். இங்கேயும் அதே கணக்குதான்: பாஸ் நிற்கும்போது நிரப்புங்கள், விழுந்தபோது வெட்டுங்கள்.

விரல் ஒத்துழைக்காதவர்களுக்கு

டைம்லி என்று தொடங்கும் சில மோதிரங்களை விளையாட்டு ஆரம்பத்திலேயே தந்துவிடுகிறது. ஒன்று அடி வரும்போது நேரத்தை மெதுவாக்கும், ஒன்று தானாக விலகும், ஒன்று ஸ்கொயரை மட்டும் தட்டினாலே காம்போவைத் தானாகக் கோத்துத் தரும். இவற்றைப் போட்டு ஆடுவதில் எந்தக் குறையும் இல்லை. கை வலி இருப்பவர்களும் முதல் தடவை கன்ட்ரோலர் பிடிப்பவர்களும் கதையை முழுதாக அனுபவிக்க வேண்டும் என்று யோசித்துச் செய்த நல்ல காரியம் அது. பழகிக்கொண்டு வருகிறவர்களுக்கு என் யோசனை: தானாக அடிக்கும் மோதிரத்தை முதலில் கழற்றுங்கள், நேரத்தை மெதுவாக்கும் மோதிரத்தைக் கடைசியாகக் கழற்றுங்கள். பின்னது எதிரியின் தோளைக் கவனிக்கக் கற்றுக்கொடுக்கும்.

வாங்குவதற்கு முன்பு கையைச் சோதித்துப் பார்க்க இலவச டெமோ இருக்கிறது. கதையின் தொடக்கம் முடிந்ததும் அதிலேயே தனியாக ஒரு சண்டைப் பகுதி திறக்கும். கருடாவின் சக்திகளையும் அங்கே தொட்டுப் பார்க்கலாம்.

கதை ஓரளவு நகர்ந்த பிறகு ஆரெட்டே கல்லில் ஆர்கேட் பகுதியும் பழைய கட்டங்களை மறுபடி ஆடும் வசதியும் கிடைக்கும். ஆர்கேடில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு நுட்பத்தின் பெயரும் புள்ளியோடு திரையில் வரும். ஒரு சண்டை முடியும்வரை அந்தப் பட்டியலைக் கவனியுங்கள். துல்லிய விலகலின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை என்றால் மூன்றாவது படிக்குப் போங்கள். மேஜிக் பர்ஸ்ட் விட்டுவிட்டு வந்தால் முதல் படிக்கு. நான் இப்போதும் மாதம் ஒரு முறையாவது அந்த மோர்போல் கட்டத்தைத் திறப்பேன். கோட்டில் கடைசித் துண்டு மிச்சம் இருக்கும்போது வாளை இறக்கி, அதன் கொடிகளுக்கு நடுவே விலகி நின்று, கீழே ஆறு சக்திகளும் ஒவ்வொன்றாக ஒளிர்வதைப் பார்ப்பேன். ஆறாவது ஒளிர்ந்ததும் ஒரே ஒரு ஸ்கொயர்.